பேரிக்காய் திருடியவர் பிஷப் ஆனார்
ஆசையோடு ஆயுள் முழுதும் போராடிய புனித அகுஸ்தீனார்

ஆகஸ்டு 29-ஆம் தேதி பெங்களூர் சிவாஜிநகர் புனித மரியன்னை பசிலிக்காவில் கொடியேறும். செப்டம்பர் 8-ஆம் தேதி மாதா பிறந்த நாள் திருவிழா வரை அந்தப் பக்கம் எங்கு திரும்பினாலும் காவிச் சேலைதான். தமிழ்ப் பூசைக்குக் கூட்டம் அலைமோதும். பலர் அந்த நாட்களில் அசைவத்தைத் தொடுவதில்லை. குடிப் பழக்கம் உள்ள சிலரும் மாதாவுக்கு நேர்ந்துகொண்டு அதை நிறுத்தி வைப்பது உண்டு. கொடி இறங்கிய மறுநாள் என்ன ஆகும் என்பது அவரவர் வீட்டுப் பெண்களுக்குத்தான் தெரியும்.

கொடியேற்றத்துக்கு முந்திய நாள், ஆகஸ்டு 28, புனித அகுஸ்தீனாரின் திருநாள். அதற்கும் முந்திய நாள் அவருடைய தாயார் புனித மோனிக்கம்மாளின் திருநாள். விழா ஏற்பாட்டுச் சந்தடியில் இவ்விரு நாட்களும் கவனிப்பாரற்றுப் போய்விடுவதுண்டு. ஆனால் விரதம் முடிந்த மறுநாளின் சங்கடத்தை அகுஸ்தீனாரைப் போல் மனம் திறந்து சொன்னவர்கள் வெகு சிலரே.

பசிக்காத திருட்டு

கி.பி. 354-ல் வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்ற ஊரில் பிறந்தவர் அகுஸ்தீன். இன்று அது அல்ஜீரியா நாட்டில் உள்ளது. பதினாறாவது வயதில் கூட்டாளிகளுடன் நள்ளிரவில் ஒரு பேரிக்காய் மரத்தை உலுக்கிக் காய்களை அள்ளினார். பசிக்காக அல்ல. அதைவிட நல்ல காய்கள் அவரிடமே இருந்தன. திருடியவற்றைப் பன்றிகளுக்கு வீசினார்கள்.

பின்னாளில் எழுதிய ‘வாக்குமூலங்கள்’ என்ற நூலில் இந்தச் சிறு திருட்டைப் பல பக்கங்களில் ஆராய்கிறார். ஏன் செய்தேன்? கூடாது என்பதாலேயே அது இனித்தது. கூட்டாளிகள் இல்லாவிட்டால் தனியாகச் செய்திருக்கவும் மாட்டேன் என்கிறார். “சும்மா சேர்க்கையால் வந்தது” என்று சொல்லும் எந்த வாலிபனும் இந்த இடத்தில் தன் முகத்தைப் பார்க்கலாம்.

நாளைக்கு, நாளைக்கு

படிப்புக்காகக் கார்த்தேஜ் நகரம் போன அகுஸ்தீன், ஒரு பெண்ணுடன் மணம் செய்யாமலே வாழ்ந்தார். அதெயோதாத்துஸ் என்ற மகனும் பிறந்தான். ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் மானிக்கேயர் கொள்கையில் உழன்றார். தாயார் மோனிக்கம்மாளோ மகனுக்காக அழுது ஜெபித்துக்கொண்டே இருந்தார்.

384-ல் இத்தாலியில் மிலான் நகரில் பேச்சுக்கலைப் பேராசிரியர் பதவி கிடைத்தது. தகுதிக்கேற்ற சம்பந்தம் பேசி முடித்தார்கள். பல ஆண்டுகள் கூட வாழ்ந்தவள் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டாள். இனி வேறு ஆடவனை அறியேன் என்று அவள் விரதம் பூண்டு போனாள். நிச்சயித்த பெண்ணுக்கு வயது வர இரண்டு ஆண்டுகள் இருந்தன. அதுவரைகூடப் பொறுக்க முடியாமல் அகுஸ்தீன் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டார். அவளுக்கு இருந்த உறுதி தமக்கு இல்லை என்பதை அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

திருந்த ஆசை இல்லாமல் இல்லை. கற்பைத் தரும்படி கடவுளை வேண்டுவார். ஆனால் உடனே தந்துவிடக் கூடாது என்றும் வேண்டுவார்! பாவம் எப்படி விலங்காகிறது என்பதைப் படிப்படியாக விளக்குகிறார். மனம் கோணுகிறது, அதிலிருந்து இச்சை. இச்சைக்கு இடம் கொடுத்தால் வழக்கம். வழக்கத்தை எதிர்க்காவிட்டால் அது இல்லாமல் முடியாது என்ற நிலை. சீட்டாட்டமோ சாராயமோ, கதை இதுதானே!

தோட்டத்தில் ஒரு குரல்

386-ல் ஒருநாள் வீட்டுத் தோட்டத்தில் மனம் வெடித்து அழுதார். பக்கத்து வீட்டிலிருந்து, எடுத்து வாசிக்கும்படி ஒரு குழந்தையின் குரல் பாட்டுப் போலக் கேட்டது. புனித சின்னப்பரின் நிருபத்தைத் திறந்தார். குடியையும் களியாட்டத்தையும் காமத்தையும் தள்ளிக் கிறிஸ்துவைத் தரித்துக்கொள்ளும்படி உரோமையருக்கு எழுதிய பகுதி கண்ணில் பட்டது. மனம் தெளிந்தது. 387 உயிர்ப்புத் திருநாளில், பிஷப் அம்புரோஸ் கையால் மகனோடு ஞானஸ்நானம் பெற்றார். அதே ஆண்டில் மோனிக்கம்மாள் நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

பிஷப் ஆன பிறகும்

கதை இங்கே முடிந்திருந்தால் பிரசங்கத்துக்கு வசதி. ஆனால் ஹிப்போ நகரின் பிஷப் ஆன பிறகு எழுதிய அந்த நூலில், இன்னும் தம்மை வாட்டும் சோதனைகளையும் அவர் பட்டியல் போடுகிறார். பழைய இச்சைகள் கனவில் வருகின்றன. மருந்து போல் உண்ண வேண்டும் என்று உட்கார்ந்தால் ருசி நுழைந்துவிடுகிறது. கோயிலில் பாட்டின் பொருளை விட ராகம் இழுக்கிறது. பிறர் புகழ்ந்தால் மனம் குளிர்கிறது. பட்டம் பெற்ற பெரியவர் இதையெல்லாம் எழுத வேண்டிய அவசியம் என்ன? சீடனாக இருப்பது ஒருநாள் தோட்டத்தில் முடிந்துபோகும் காரியமல்ல என்று அவர் அறிந்திருந்தார்.

ஆசையை அடியோடு வெட்டி எறியும்படி அவர் சொல்லவில்லை. எதை விரும்புகிறோமோ அதன் பக்கமே நாம் இழுக்கப்படுகிறோம் என்பது அவர் கண்ட உண்மை. ஆகவே, பெரிய விருப்பம் ஒன்று உள்ளே குடியேறினால் சின்ன விருப்பங்கள் பிடி தளரும். அதுவும் தன் பலத்தால் அல்ல, கடவுளின் கிருபையால் என்பார்.

430 ஆகஸ்டு 28-ல், வாண்டல்கள் ஹிப்போவை முற்றுகையிட்டிருந்த வேளையில் அவர் உயிர் பிரிந்தது. கடைசி நாட்களில் தாவீதின் மனஸ்தாப சங்கீதங்களைச் சுவரில் எழுதி ஒட்டச் சொல்லி, படுக்கையிலிருந்தே வாசித்து அழுதாராம்.

தம்மைப் பின்பற்றுகிறவன் நாள்தோறும் சிலுவையைச் சுமக்க வேண்டும் என்று இயேசு சொன்னதாக லூக்கா எழுதுகிறார். பத்து நாள் விரதம் நல்லதுதான். ஆனால் அந்த ‘நாள்தோறும்’ என்ற சொல், கொடி இறங்கிய மறுநாள் காலையிலும் வாசலில் காத்து நிற்கும்.