ஒரு மருந்து ஏன் போதாது?

திருவண்ணாமலையில் வீட்டு வாசல்களில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைப்பது வின்கிரிஸ்டின். நிணநீர்ப் புற்றுநோயான லிம்போமாவின் பல வகைகளுக்கு முதலில் கொடுக்கும் 'சாப்' மருந்துக் கூட்டில் அதுவும் ஒன்று. பலர் குணமாகிறார்கள். சிலருக்கு நோய் திரும்பி வருகிறது. ஏன்?

ஒரு செ.மீ. கட்டியில் ஏறத்தாழ 100 கோடி செல்கள். 10 லட்சத்தில் ஒன்று மருந்துக்கு மசியாது என்று வைத்துக்கொண்டாலும் ஆயிரம் செல்கள் தப்பிவிடும். வேறு வழியில் தாக்கும் இன்னொரு மருந்தையும் சேர்த்தால், இரண்டுக்கும் தப்புவது லட்சம் கோடியில் ஒன்றுதான். இது காகிதக் கணக்கு. பல மருந்துகளை ஒருசேர வெளியே தள்ளும் செல்களும் உண்டு. அதனால்தான் நோய் திரும்பினால், இரண்டாவது முறை சிஸ்பிளாட்டின், சைட்டராபின் என்று மருந்துகளையே மாற்றுகிறார்கள்.

எந்தக் கூட்டு சிறந்தது? நோய் திரும்பியவருக்கு வெற்று மருந்து கொடுத்துச் சோதிப்பது அறமல்ல. எனவே குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, இரண்டு நல்ல கூட்டுகளையே ஒப்பிடுகிறார்கள். 2010-ல் வெளியான 'கோரல்' ஆய்வில் 396 பேர். இரண்டு கூட்டிலும் சுமார் 63 சதவீதம் பேருக்குப் பலன் கிடைத்தது. 1995-ல் வந்த 'பார்மா' ஆய்வு இன்னும் முக்கியமானது. நோய் திரும்பியபின் கொடுத்த கீமோவில் (மருந்துச் சிகிச்சையில்) கட்டி சுருங்கியவர்களில், அதிக வீரியக் கீமோவும் தங்கள் சொந்த எலும்பு மஜ்ஜையையே திரும்பச் செலுத்தும் மாற்றுச் சிகிச்சையும் பெற்றவர்களில் 46 சதவீதம் பேர் ஐந்தாண்டு நோயின்றி இருந்தார்கள்; கீமோ மட்டும் தொடர்ந்தவர்களில் 12 சதவீதம்.

சிகிச்சை முடிந்தபின் கழுத்திலோ அக்குளிலோ மறுபடி கட்டி தென்பட்டால், தள்ளிப்போடாமல் உங்கள் புற்றுநோய் மருத்துவரைப் பாருங்கள்.