நெட்டியில் அடங்கும் பெரிய கோயில்

தஞ்சாவூர்க் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கப்படும் பெரிய கோயிலின் வெண்ணிற மாதிரியைத் தந்த வேலைப்பாடு என்று வெளியூரார் எண்ணிவிட இடமுண்டு என்றாலும், அது குளங்களிலும் சதுப்பு நிலங்களிலும் வளரும் நெட்டி என்னும் நீர்ச்செடியின் தண்டிலிருந்து அறுத்தெடுக்கப்பட்டது. கையில் ஏந்தினால் கனமே தெரியாதது. தாவரவியலார் ஈஸ்கைனோமினி ஆஸ்பெரா என்று பெயரிட்டுள்ள இச்செடி அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வங்காளத்தில் இதையே சோலா என்று அழைத்து மணமகனின் தலையணி செய்கிறார்கள். ஆங்கிலேய அதிகாரிகள் வெயிலுக்கு அணிந்த தொப்பியும் இதனால் ஆனதே. டெல்டா மாவட்டங்களில் மாட்டுப் பொங்கலன்று மாடுகளின் கழுத்தில் ஏறும் நெட்டி மாலையும், ஆயிரம் ஆண்டு கண்ட விமானத்தின் மாதிரியும் ஒரே தண்டிலிருந்து பிறப்பவை.

அறுவடை செய்து உலர்த்திய தண்டின் பழுப்பு நிற மேல்தோலைச் சீவி நீக்கினால் பால்வெள்ளையான உட்பகுதி கிடைக்கிறது. அதைக் கூரிய கத்தியால் தகடுகளாகவும் பட்டைகளாகவும் குச்சிகளாகவும் அறுத்து, பசையிட்டு ஒட்டி, தூணும் மாடமும் கோபுரமும் எழுப்புகிறார்கள். பொருள் மிக மென்மையானது என்பதால் மயிரிழை போன்ற விளிம்பையும் இதில் கொண்டுவர முடிகிறது. ஆனால் கத்தி சற்று மழுங்கினாலும் வெட்டுவாய் நசுங்கிவிடும் என்பதால், இந்தக் கலையில் பாதித் தேர்ச்சி கத்தியைத் தீட்டுவதில்தான் இருக்கிறது எனலாம். வண்ணம் பூசாமல் இயல்பான வெண்மையிலேயே விடுவது தஞ்சை மரபு. தூசியும் ஈரமும் அந்த வெண்மையைக் கெடுக்கும் என்பதால் கண்ணாடிப் பெட்டி இந்த வேலைக்கு அலங்காரமாக அன்றித் தேவையாகவே அமைந்தது. தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு, அதாவது ஓர் ஊரின் பெயரோடு பிணைந்த பொருளுக்குச் சட்டம் அளிக்கும் பாதுகாப்பு, வழங்கப்பட்டது.

மாதிரி செய்வோர் முதலில் தீர்க்க வேண்டியது அளவு விகிதம், அதாவது உண்மைக் கட்டடத்தின் எத்தனை அடி மாதிரியில் எத்தனை அங்குலமாகும் என்னும் கணக்கு. ஏறத்தாழ 216 அடி உயரமுள்ள பெரிய கோயில் விமானத்தை இருநூறில் ஒரு பங்காகச் சுருக்கினால் அது 13 அங்குலத்தில் அடங்கிவிடும். ஆனால் அதே விகிதத்தில் திருச்சுற்று முழுவதையும் சேர்க்க முனைந்தால் நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள பெட்டி வேண்டும். நினைவுப் பரிசாக எடுத்துச் செல்பவர் அத்தகைய பெட்டியை விரும்பமாட்டார். ஆகவே கைவினைஞர்கள் விமானத்தை ஓங்கவிட்டு, திருச்சுற்றைச் சுருக்கி, நந்தி மண்டபத்தை அருகே இழுத்துவிடுகிறார்கள். கட்டடக் கலைஞர் ஒருவர் இதைப் பிழை என்பார். ஆனால் கோயிலுக்குச் சென்று திரும்பியவரின் நினைவில் நிற்பதும் இந்த விகிதம்தான் என்பதால், அதைப் பிழையென்று தள்ளுவது நியாயமாகாது.

இதில் கவனிக்கத்தக்க வேறொரு நுட்பமும் உண்டு. இராசராசன் எழுப்பி 1010இல் கலசம் வைத்த அந்த விமானமே சிற்றுருக் கட்டடங்களை அடுக்கி அமைக்கப்பட்டது. அதன் ஒவ்வொரு தளத்தின் விளிம்பிலும் மூலைகளில் சதுரமான கர்ணகூடம், நடுவில் வண்டிக்கூண்டு போன்ற கூரையுடைய சாலை, இடையிடையே கூண்டு வடிவிலான பஞ்சரம் என்று குட்டிக் கோயில்கள் வரிசையாக நிற்கின்றன. தளம் உயர உயர அவையும் சிறுத்துக்கொண்டே போகின்றன. இந்த வடிவங்களின் பழைய முகத்தை மாமல்லபுரத்தில் காணலாம்: அங்குள்ள ஒற்றைக்கல் இரதங்களுள் திரௌபதி இரதம் கூரை வேய்ந்த குடிசையின் கல் வடிவமாகவும், பீம இரதம் நீண்ட சாலையாகவும் அமைந்துள்ளன. கல்லாகிவிட்ட குடிசையைச் சிறிதாக்கி விமானத்தில் ஏற்றிய சோழத் தச்சருக்குப் பின், அதே விமானத்தை மேலும் சிறிதாக்கும் நெட்டிக் கைவினைஞர் சிற்றுருவின் சிற்றுருவைச் செதுக்குகிறார்.

வீட்டைச் சிறிதாகக் கட்டி மகிழும் பழக்கமும் தமிழருக்குப் புதிதன்று. சிறுமியர் மணலில் கட்டி விளையாடும் சிற்றில் சங்கப் பாடல்களிலேயே இடம்பெறுகிறது. அதை ஆண் குழந்தை காலால் சிதைக்க வருவதைப் பாடுவதற்கென்றே ஆண்பால் பிள்ளைத்தமிழில் ஒரு பருவம் ஒதுக்கப்பட்டது. இன்றைய டெல்டா வீடுகளில் அந்த விளையாட்டு நவராத்திரிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கொலுப் படிகளுக்கு முன்னே தரையில் மண் பரப்பி, கேழ்வரகும் கடுகும் தூவி முளைக்கவைத்து வயலாக்கி, அட்டை வீடுகளும் குளமும் கோயிலும் அமைத்து, பிள்ளைகள் ‘பார்க்’ கட்டுகிறார்கள். அளவு விகிதம் அங்கே பொருட்டன்று. பசு வீட்டைவிட உயரமாக நின்றாலும் எவரும் குறை சொல்வதில்லை.

விகிதத்தை விரதமாகக் கொண்டவர்கள் மேற்கே உண்டு. புதுதில்லியை வடிவமைத்த எட்வின் லட்டியன்ஸே, 1921 முதல் 1924 வரை இங்கிலாந்து அரசி மேரிக்காகப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில், குழாயில் நீர் வரவும் விளக்கு எரியவும் கூடிய பொம்மை வீட்டை வடிவமைத்தார். அது இன்றும் வின்சர் கோட்டையில் காட்சிக்கு உள்ளது.

சிற்றுருவில் இத்தனை பழக்கமுள்ள தமிழ் மண்ணில் பெரிய கோயிலைச் செய்யும் கைகள் டெல்டாவின் பழைய ஓட்டு வீட்டைச் செய்ய முன்வருவது அரிதாக இருப்பது ஒரு குறையே. வாங்குவோர் கோயிலைக் கேட்பதுதான் அதற்குக் காரணமாக இருக்க வேண்டும். திண்ணை, ரேழி என்னும் நடைவழி, வானம் தெரியும் முற்றம், அதைச் சுற்றிய தாழ்வாரம், கூடம், அடுக்களை, கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் அவ்வீடுகள் இடிபட்டுக்கொண்டே வருகின்றன. 20 அடி அகலமும் 100 அடி நீளமும் உள்ள ஒரு வீட்டை அடிக்கு அரை அங்குலம் என்னும் கணக்கில் செய்தால், 10 அங்குல அகலத்தில் 50 அங்குல நீளமான மாதிரி கிடைக்கும். இரண்டரை அடித் திண்ணை ஒன்றேகால் அங்குலமாகும். ஏழடி மரத்தூண் மூன்றரை அங்குலத்தில் நிற்கும். வீட்டின் அழகெல்லாம் உள்ளே இருப்பதால், ஒரு பக்கச் சுவரை ஒட்டாமல் விட்டுவிடுவதே சிறந்தது. நாட்டு ஓடுகளைத் தனித்தனியாக அறுக்கப் பொறுமையில்லாத தொடக்கநிலையினர், நெட்டிப் பட்டையில் வரிவரியாகக் கீறிக் கூரையமைக்கலாம்; ஆனால் முற்றத்தை நோக்கி நாற்புறமும் சரியும் தாழ்வாரக் கூரைகள் சந்திக்கும் மூலைகளை மட்டும், மழைநீர் இறங்கும் வழி அதுவாகையால், சரியான கோணத்தில் அறுத்தே ஒட்ட வேண்டும்.