பொது எரிபொருட் கிடங்கும் பொதுமக்கள் உரிமையும்

மும்பை விமான நிலையத்தில் இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்று எண்ணெய்க் கம்பெனிகளும் விமான நிலைய நிர்வாகமும் நூற்றுக்கு 25 வீதம் பங்கு கொண்டு எரிபொருட் கிடங்கைக் கூட்டாக நடத்துகின்றன. தில்லியிலும் இத்தகைய கூட்டு ஸ்தாபனம் உண்டு. ஒவ்வொருவரும் தனித்தனியே தொட்டி கட்டும் வீண் செலவை இவ்வேற்பாடு தவிர்க்கிறது என்பது மெய்யே. ஆயினும் பலருடைய எண்ணெயும் ஓரிடத்தில் சேர்ந்து, ஒரே நிலத்தடிக் குழாய் வழியே பல விமானங்களுக்கும் செல்லும்போது, ஒருவருடைய அசிரத்தை அனைவரையும் பாதிக்கும் என்பதோடு, பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு ஒருவர் மற்றொருவரைச் சுட்டவும் இடமுண்டு.

விமான எரிபொருளுக்குப் பெரும் பகை தண்ணீர். எண்ணெயில் கரைந்திருக்கும் ஈரம் குளிரில் பிரிந்து தொட்டியின் அடியில் தங்க, அங்கே கிருமிகள் பெருகி வடிகட்டிகளை அடைத்துவிடும். ஆதலால்தான் தேங்கிய நீரை ஒழுங்காக வடிப்பதும், மாதிரி எடுத்துக் கண்ணால் சோதிப்பதும், அடிமட்டத்தை விடுத்து மேல்மட்டத்து எண்ணெயையே உறிஞ்சுவதும் விதிகளாயின. இவற்றை வெறும் சம்பிரதாயம் என்று கருதலாகாது. 2010 ஏப்ரல் 13 அன்று இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹாங்காங் சென்ற கேத்தே பசிபிக் விமானத்தின் இரண்டு எஞ்சின்களும் விமானியின் கைக்கு அடங்காமல் போயின. மணிக்குச் சுமார் 425 கிலோமீட்டர் வேகத்தில் அது தரை தொட்டது. உயிர்ச்சேதம் இல்லை, அவசரமாக வெளியேறுகையில் 57 பிரயாணிகள் காயமுற்றனர். நிலத்தடிக் குழாயை விஸ்தரித்த வேலையின்போது புகுந்ததாகக் கருதப்பட்ட உப்பு நீரால் வடிகட்டியிலிருந்த நீருறிஞ்சும் பொருள் நுண்மணிகளாக வெளிப்பட்டு எரிபொருளில் கலந்தது என்பதே விசாரணையின் முடிவு.

இத்தகைய விபத்தில் காயமுற்றவர் கிடங்கின் பங்காளிகளில் குற்றவாளி யார் என்று தேடி அலைய வேண்டியதில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சர்வதேசப் பிரயாணங்களுக்குரிய 1999-ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, ஒரு வரம்பு வரை, பிழை நிரூபிக்கப்படாமலே விமானக் கம்பெனி நஷ்டஈடு தரக் கடமைப்பட்டது. பின்னர் அது எண்ணெய் தந்தவரிடம் வசூலித்துக்கொள்வது அதன் பாடு. வழக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் தொடரப்பட வேண்டும். நம் நாட்டில் விமானம் ரத்தானால் வேறு விமானமோ கட்டணமோ கேட்கலாம். மறுத்தால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்திலும், நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம்.

கிடங்கின் கட்டணமும் மறைமுகமாக டிக்கெட் விலையில் ஏறக்கூடியதே. விமானங்களுக்கு எரிபொருள் வழங்கும் சேவை 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி விமான நிலையப் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. அது கலந்தாய்வு அறிக்கை வெளியிடும் காலத்தில் பிரயாணிகள் சங்கங்கள் வாளாவிருத்தல் கூடாது.

நிலைய மதிலுக்கு அப்பால் குடியிருப்போர் கிணற்று நீரில் எண்ணெய் வாடை கண்டால், உடனே மாதிரி எடுத்து, தேதி குறித்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் நிவாரணமும் நஷ்டஈடும் கோர ஐந்து ஆண்டுகள் அவகாசம் இருந்தபோதிலும், சுற்றுச்சூழல் தகராறு குறித்த மனுவுக்கு ஆறு மாதமே கெடு.