உங்களுக்குத் தெரியுமா? குடவோலை முதல் எடைத்தராசு வரை!

உள்ளாட்சிப் பாடம் நடத்தும் ஆசிரியர்களே, உத்திரமேரூரில் ஆரம்பியுங்கள்! கோயில் சுவரிலேயே தேர்தல் விதிகளை வெட்டி வைத்திருக்கிறார்கள். முதலாம் பராந்தக சோழன் காலம். ஆண்டு 919, 921. ஆயிரத்து நூறு வருஷம் தாண்டிவிட்டது!

ஊரில் 30 குடும்புகள், அதாவது வார்டுகள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் கலக்குவார்கள். எடுப்பது யார் தெரியுமா? விவரம் அறியாத ஒரு சின்னப் பையன்! பெரியவர்களின் பதவி ஒரு குழந்தையின் கையில்! இதுதான் குடவோலை!

பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை. அவரோடு போச்சா? அவருடைய உறவினர்களுக்கும் தடை!

இதைக் கேளுங்கள், இதுதான் முத்து! அதே ஊர்ச் சபையில் பொன் வாரியம் என்றே ஒன்று இருந்தது. பொன்னின் மாற்றுப் பார்க்கவும் ஊரே ஆட்களைத் தேர்ந்தெடுத்தது. நுகர்வோர் பாதுகாப்பு, பத்தாம் நூற்றாண்டிலேயே!

இன்றைக்கு? ஹால்மார்க் நகையில் 6 இலக்கக் குறியீடு. எழுத்தும் எண்ணும் கலந்தது. ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் தட்டினால் அந்த நகையின் ஜாதகமே வந்துவிடும். கடையில் நின்றபடியே பாருங்கள்!

மறுபடி உள்ளாட்சிக்கு வருவோம். சென்னை மாநகராட்சி பிறந்தது 1688-இல்! இந்தியாவிலேயே மூத்தது!

கிராம சபை உறுப்பினராக எந்தத் தேர்தலிலும் ஜெயிக்க வேண்டாம். ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். உங்கள் அம்மா உறுப்பினர், பாட்டியும் உறுப்பினர்! தமிழ்நாட்டில் வருஷத்துக்கு 6 கூட்டம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவு கேட்கலாம், தெருவிளக்கு கேட்கலாம், குடிநீர் கேட்கலாம்!

ஊராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்று அரசியலமைப்பின் 11-ஆவது அட்டவணை சொல்லும் பொறுப்புகள் 29. அதில் 22-ஆவது, சந்தை. 28-ஆவது, பொது விநியோகம். ஆமாம், நம்ம ரேஷன்தான்!

காய்கறிக் கடை எலெக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் அரசு முத்திரை கட்டாயம். மாணவர்களை அழைத்துப் போய் அந்த முத்திரையைக் காட்டுங்கள். தராசைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்!

பெட்ரோல் அளவு குறைகிறதா? பங்க்கிலேயே 5 லிட்டர் அளவுக் கலன் இருக்கும். “அளந்து காட்டுங்க” என்று யாரும் கேட்கலாம்!

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் குடிமக்கள் நுகர்வோர் மன்றங்கள் உண்டு. உங்கள் பள்ளியில் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே கேளுங்கள். டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினம். 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிறந்த நாள் அது!

நுகர்வோர் புகாருக்கு 1915 என்ற எண். போன் கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்!

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு வக்கீல் வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சிறுவன் வாங்கிய பொருளா? அவனுக்காக அப்பாவோ அம்மாவோ மனு கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? 0 ரூபாய்!