பெயரில்லாத் துப்பாக்கியும் முத்திரையுள்ள துப்பாக்கியும்

கொல்லிமலையில் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளை இன்ன தேதிக்குள் ஒப்படைத்துவிட வேண்டும் என்று காவல்துறை கெடு வைக்கும்போதெல்லாம், அந்தத் தேதி நெருங்க நெருங்க, எங்கள் ஆசிரியர் குழுவுக்கு வரும் தபாலின் கனமும் கூடிக்கொண்டே போவது வழக்கமாகிவிட்டது. ஒப்படைத்தால் வழக்குப் போடுவார்களா என்று அஞ்சிக் கேட்பவர்கள் சிலர். தாத்தா வைத்திருந்த துப்பாக்கிக்கும் இந்த உத்தரவு பொருந்துமா என்று கேட்பவர்கள் சிலர். ஆனால் இப்போதெல்லாம் மிகுதியாக வருவது வேறொரு கேள்வி: நாட்டுத் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, முறைப்படி உரிமம் வாங்கி, நல்ல கைத்துப்பாக்கி ஒன்று வைத்துக்கொள்வதானால் எந்தக் கம்பெனியின் சரக்கு நம்பத்தக்கது, கான்பூரா, இஷாப்பூரா, சீமைப் பெயர் பொறித்ததா?

உரிமம் என்றால் என்ன, ஒப்படைப்பு என்றால் என்ன என்பதையெல்லாம் இங்கே விஸ்தரிக்கப் போவதில்லை. மலையில் அதெல்லாம் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். "பொதுமக்கள் தாமாக முன்வந்து ஒப்படைத்தனர்" என்று அதிகாரிகளின் அறிக்கை சொல்லும்போது மட்டும், எச்சரிக்கையும் அறிவிப்பும் போன பிறகு ஓர் இரவில் யாரோ சாக்கில் சுற்றிச் சாலையோரத்தில் போட்டுவிட்டுப் போனவற்றையும் அது சேர்த்துச் சொல்கிறது என்று வாசகர்கள் பொருள் கொள்வது உத்தமம். யார் போட்டார், யார் செய்தார், எத்தனை நாள் யாரிடம் இருந்தது என்பதற்கு ஒப்படைத்த துப்பாக்கிகளை வரிசையாக அடுக்கி எடுக்கும் புகைப்படத்தில் விடை இராது.

கைத்துப்பாக்கி பற்றிய கேள்விக்கு வருவோம். நம் தேசத்தில் சாமானியக் குடிமகன் உரிமத்தோடு வாங்கத்தக்க கைத்துப்பாக்கிகளின் பட்டியல் மிகவும் குறுகியது. 9 எம்.எம். போன்ற, படைக்கும் காவல்துறைக்கும் உரிய அளவுகள் தடை செய்யப்பட்டவை. ஆகையால் சந்தையில் பெரும்பாலும் புழங்குவது .32 என்ற சிறிய அளவு. 1980களின் நடுவில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதிக்கு அரசு கதவை ஏறக்குறைய அடைத்துவிட்டபடியால், அதற்கு முன் வந்திறங்கிய பழைய வெப்லி, வால்தர் முதலியவை உரிமதாரர் கைக்குக் கை மாறும்போது அவற்றின் தகுதிக்குச் சம்பந்தமில்லாத விலை பெறுகின்றன. கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர், வெப்லியின் நான்காம் மாதிரியைப் பின்பற்றிச் செய்தது. 2020இல் அதே வெப்லி நிறுவனம் ஓர் இந்தியக் கூட்டாளியோடு உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் உற்பத்தி தொடங்கவே, மூலமும் பிரதியும் ஒரே மாகாணத்தில் விலைக்குக் கிடைக்கும் விநோதம் ஏற்பட்டது. இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையோ, கனடாவின் இங்லிஸ் கம்பெனி யுத்த காலத்தில் செய்த பிரௌனிங் மாதிரியை வைத்து நம் படைகளுக்கான 9 எம்.எம். பிஸ்டலையும், குடிமக்களுக்கென்று அசனி என்ற .32 பிஸ்டலையும் செய்தது. நம் திருச்சியில் 1966 முதல் இயங்கும் தொழிற்சாலை பெரும்பாலும் ராணுவத்துக்கான நீள்குழல் ஆயுதங்களுக்குப் பெயர் பெற்றது. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு அரசுக் கம்பெனிகளாகப் பிரிந்தபோது, இந்த மூன்று ஊர்ச் சாலைகளும் ஒரே கம்பெனியின் கீழ் வந்தன.

இவற்றை விளம்பரப்படுத்தும் விதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2014இல் கான்பூரிலிருந்து 'நிர்பீக்' என்ற ரிவால்வர் பெண்களுக்கென்றே நிர்மாணித்தது என்ற பிரகடனத்தோடு வெளிவந்தது; அரை கிலோ எடை, நகைப்பெட்டி போன்ற அழகிய பேழை, விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். பேருந்தில் வேலைக்குப் போய்வரும் எந்தப் பெண்ணின் கைப்பையை மனத்தில் கொண்டு இந்த விலை நிர்ணயமாயிற்று என்பதை எவரும் விளக்கவில்லை. 2023இல் வந்த 'பிரபல்' 50 மீட்டர் பாயும் என்றார்கள். பாய்வது வேறு, பட வேண்டிய இடத்தில் படுவது வேறு. பதறிய கையில் பிடித்த குட்டைக் குழல் ரிவால்வருக்குப் பத்து மீட்டரே தூரந்தான்.

ஆகையால் பெயரையும் பிரகடனத்தையும் ஒதுக்கிவிட்டு, துப்பாக்கியின் தரத்தை மூன்றாம் மனிதர் ஒருவர் சோதித்துச் சான்று சொல்லும் ஒரே ஏற்பாட்டை வாசகர்கள் கவனிக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். மனிதர் கண்டுபிடித்த வியாபார ஏற்பாடுகளில் இதைப் போல் யுக்தியானதும், உள்ளே நுழைந்து பார்த்தால் இதைப் போல் உறுத்துவதும் சிலவே.

குழல் சோதனை என்பது இது: வழக்கமான தோட்டா எழுப்பும் அழுத்தத்தைக் காட்டிலும் வேண்டுமென்றே மிகுதியான அழுத்தத்தை எழுப்பும் தோட்டா ஒன்றைத் துப்பாக்கியில் இட்டு, அதைக் காப்புள்ள இடத்தில் இறுகப் பூட்டி, ஆள் விலகி நின்று வெடித்து, பின்னர் குழல் வீங்கியிருக்கிறதா, மயிரிழை விரிசலாவது கண்டிருக்கிறதா, பூட்டு தளர்ந்திருக்கிறதா என்று அளந்தும் பார்த்தும் திருப்தி ஏற்பட்ட பின்பே உலோகத்தின் மேல் முத்திரை குத்துகிறார்கள். ஐரோப்பிய தேசங்கள் பலவும் கூடி வகுத்த விதிப்படி, கைத்துப்பாக்கிக்கு இந்த மிகுதி 30 சதவீதம். லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கத்துக்கு 1637இல் அரச சாசனம் கிடைத்தது; 1813இல் பர்மிங்ஹாமில் சட்டப்படி சோதனைச் சாலை ஏற்பட்டது முதலாக, இங்கிலாந்தில் இந்த முத்திரை இல்லாத துப்பாக்கியை விற்பது குற்றம். செய்தவனே தன் சரக்குக்குச் சான்று கொடுத்துக்கொள்ள முடியாது என்பதுதான் இதன் உயிர். நம் மலையின் சோளக்காட்டுச் சந்தையில் மிளகு நிறுக்கும் தராசில் வியாபாரி தானே முத்திரை குத்திக்கொள்ள முடியாதது போல.

இங்கேதான் உறுத்தல் தொடங்குகிறது. நம் தேசத்தில் தனியார் செய்த துப்பாக்கிகள் நெடுங்காலமாகச் சோதனைக்குப் போய்வந்த இடம் இஷாப்பூர். இஷாப்பூரோ தானே பிஸ்டல் செய்து அதே சந்தையில் விற்கும் அரசுச் சாலை. போட்டியாளனின் தராசுக்கு முத்திரை குத்தும் அதிகாரம் மற்றொரு வியாபாரியின் கையில் இருப்பதை நேர்மைக்குறைவு என்று சொல்ல ஆதாரம் வேண்டும், அப்படி நாம் சொல்லவுமில்லை. ஆனால் அதை நடுநிலை ஏற்பாடு என்று அழைக்க நமக்கு நா எழவில்லை.

இரண்டாவது உறுத்தல் இதைவிடப் பெரியது. முத்திரை சொல்வதெல்லாம் அந்தக் குழல் அன்றைக்கு வெடித்துச் சிதறவில்லை என்பது மட்டுமே. பத்தாவது குண்டு சிக்குமா, ஆயிரமாவது குண்டுக்குப் பின் சுருள்வில் ஓய்ந்துவிடுமா, கைதவறிக் கீழே விழுந்தால் தானே வெடிக்குமா என்பவற்றுக்கு அது பொறுப்பேற்பதில்லை. நம்பகம் என்று கடிதங்கள் கேட்பது இதைத்தான். இதை அறிய ஆயிரக்கணக்கில் குண்டுகளைச் சுட்டு, சிக்கலுக்கும் சிக்கலுக்கும் இடையே எத்தனை குண்டு பாய்ந்தது என்று எண்ண வேண்டும், மணலிலும் சேற்றிலும் புரட்டிப் பார்க்க வேண்டும், உயரத்திலிருந்து போட்டுப் பார்க்க வேண்டும். அமெரிக்க ராணுவம் இப்படியெல்லாம் பரீட்சித்து 1985இல் இத்தாலியின் பெரட்டாவைத் தேர்ந்தது. இருந்தும் மூன்றாண்டுக்குள், குழலின் மேல் முன்னும் பின்னும் ஓடும் பாகம் சில பிஸ்டல்களில் உடைந்து பின்னால் பறந்து வீரர்களின் முகத்தைத் தாக்கியது. 2017 ஜனவரியில் அதே ராணுவம் சிக் சாவர் கம்பெனியின் பி320 மாதிரியைத் தேர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், பொதுமக்களுக்கு விற்ற பி320 ஒரு குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் தானே வெடிக்கக்கூடும் என்று வெளிப்பட்டது. விழுந்த வேகத்தில் கனமான விசையே தன் எடையால் பின்னோக்கி நகர்ந்துவிடுகிறது என்பது காரணம். கம்பெனி விசையை இலேசாக்கி இலவசமாக மாற்றிக் கொடுத்தது. அதற்கு அது வைத்த பெயர், தாமாக முன்வந்து செய்யும் மேம்பாடு. மேல்நாட்டுக் கம்பெனிகளுக்கும் நம் அதிகாரிகளுக்கும் ஒரே அகராதி போலும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பெரட்டாவின் பழுதும் பி320இன் பழுதும் வெளியே தெரிந்தன, காரணம், ஒவ்வொன்றிலும் பெயரும் வரிசை எண்ணும் இருந்தன. எந்தப் பெயருடையது உடைந்தது என்று எண்ண முடிந்ததால்தான் அதைத் திருத்த முடிந்தது. நம் உரிமதாரர் படித்துப் பார்க்க அத்தகைய ஒப்பீட்டு அறிக்கை ஒன்றும் கடையில் கிடைப்பதில்லை. விற்பவர் வாய்மொழியும் வாங்கியவர் பெருமையுமே இங்கே பிரமாணம். எனவே கான்பூரா, இஷாப்பூரா, வெப்லியா என்ற கேள்விக்கு நம் விடை: குழல் வெடிக்காது என்ற அளவில் மூன்றும் சமம், அதற்கு மேல் எவர் எது சொன்னாலும், எத்தனை குண்டு சுட்டுப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

இனி, சாக்கில் சுற்றிய அந்தத் துப்பாக்கி. நெஞ்சுயரத்துக்கு நீண்ட ஒரே குழல். உள்ளே வரிப்பள்ளம் கிடையாது. கைபட்டுக் கறுத்த மரக்கட்டை. குழலின் அடியில் கேப்பு பொருத்தும் சிறு முனை. அதன் மேல் விழக் காத்திருக்கும் குதிரை. குழலின் வாய்வழியே கரிமருந்தையும் பால்ரஸ் குண்டுகளையும் போட்டுக் கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். குழலோ வேறேதோ காரியத்துக்காகச் செய்த இரும்புக் குழாயாக இருக்கக்கூடும். தண்ணீரைத் தாங்கும் பற்றவைப்பு வெடிமருந்தைத் தாங்கும் என்று நம்ப முகாந்தரமில்லை. கரிமருந்தின் எரிசாம்பல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும் இயல்புடையது; ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்து பாதி வருஷம் மூடுபனியில் நனையும் மலையில் அந்த அரிப்பு எவ்வளவு விரைவில் நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இதற்குச் சோதனைச் சாலை ஒன்று உண்டென்றால் அது சுடுபவனின் கன்னந்தான்.

அதில் செய்தவன் பெயரைத் தேடாதீர்கள். 2019ஆம் வருஷத்துத் திருத்தத்துக்குப் பின், உரிமமின்றித் துப்பாக்கி செய்பவனுக்குக் குறைந்தது 7 ஆண்டு, மிகுந்தால் ஆயுள் தண்டனை. எவன் பெயர் பொறிப்பான்? கைத்திறமுள்ள கொல்லன் செய்ததும், கற்றுக்குட்டி ஒட்டவைத்ததும் ஒரே சாக்கில் ஒரே அநாமதேயமாகக் கிடக்கின்றன. ஒன்று வெடித்து விரலை இழந்தவன் அதை மருத்துவமனையில் சொல்லவே அஞ்சுவான், பிறகு யாரிடம் போய்ப் புகார் செய்வது? ஒருவனுடைய பழுதிலிருந்து அடுத்தவன் எதையும் கற்றுக்கொள்ள வழியில்லாத தொழில் இது.

நன்றாகச் செய்திருந்தாலும் இந்த வகைக்கே உரிய குறை ஒன்று உண்டு: மருந்து உள்ளே இருக்கிறதா இல்லையா என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. 1863இல் அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் யுத்தகளத்தில் பொறுக்கிய சுமார் 27,000 துப்பாக்கிகளில் ஏறத்தாழ 24,000 மருந்து இட்டபடியே கிடந்தன என்றும், அவற்றில் முக்கால் பங்கில் இரண்டு முறையோ அதற்கு மேலோ இட்டிருந்தார்கள் என்றும் கணக்குச் சொல்கிறார்கள். பெயர் பெற்ற தொழிற்சாலைகளின் சரக்கு, பயிற்சி பெற்ற சிப்பாய்களின் கை. அங்கேயே இந்தக் கதி.

மலைக்காரர்களுக்குத் துப்பாக்கி பொழுதுபோக்கல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூறு புகழும், இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரிக்கு ஆடிப் பதினெட்டில் செம்மேட்டில் அரசே விழா எடுக்கிறது. அந்த வரிசையில் நான்காவதாக நின்ற பன்றிதான் இன்று மரவள்ளிக் காட்டை இரவோடிரவாகக் கிளறிப் போடுகிறது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்தது. காடு சூழ்ந்த மலையூருக்கு அந்த 3 கிலோமீட்டரை எங்கே போய் அளப்பது?

மீதிக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

பன்றிக்குக் கைத்துப்பாக்கி உதவுமா? உதவாது, காயம்பட்ட பன்றி உங்களைத் தேடி வரும்.

பயிர்க்காவலுக்கு உரிமம் உண்டா? 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு வாய்வழி மருந்திடும் துப்பாக்கியைப் பெயர் சொல்லியே அனுமதிக்கிறது. கிடைப்பது அதிகாரியின் மனத்தைப் பொறுத்தது.

கையில் இருக்கும் கள்ளத் துப்பாக்கிக்கே உரிமம் வாங்கலாமா? அடையாளக் குறியில்லாத துப்பாக்கியைச் சட்டம் ஏற்பதில்லை.

ஓர் ஆள் எத்தனை வைத்திருக்கலாம்? மூன்றாக இருந்தது, 2019 முதல் இரண்டு.

உரிமம் எத்தனை ஆண்டு? ஐந்து.

ஏர்கன்? .177 அளவுக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்டதானால் உரிமம் வேண்டாம்.

கடைசியாக, ஒப்படைக்கத் தீர்மானித்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பல காலம் பரணில் கிடந்த துப்பாக்கியைக் காலி செய்கிறேன் என்று சுட்டுப் பார்க்காதீர்கள், குழலுக்குள் கம்பி விட்டுக் குடையாதீர்கள், குழலின் வாய்க்குள் எட்டிப் பார்க்காதீர்கள். இரவில் சாலையோரத்தில் போட்டுவிட்டும் போகாதீர்கள். காலையில் அதை முதலில் எடுப்பது மாடு மேய்க்கும் பிள்ளையாக இருக்கலாம். ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, பகலில், வாழவந்திநாடோ செங்கரையோ, எது பக்கமோ அந்தக் காவல் நிலையத்துக்குப் போய், அங்கிருப்பவரிடம் துப்பாக்கியை நீட்டுவதற்கு முன்பே, உள்ளே மருந்து இருக்கக்கூடும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.