வெட்டியெடுத்த வசனம்: ஒரு கிறிஸ்தவ வாசகனின் குறிப்புகள்

இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் புதியவன். ஹட்டனுக்கு அருகே தோட்டப் பாடசாலையொன்றில் நெடுங்காலம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் வழியாகக் கிறிஸ்தவத்துக்கு வந்த குடும்பம் எங்களுடையது. இஸ்லாத்தைப் பற்றி விளக்கவுரை எழுதும் தகுதி எனக்கில்லை. ஒரு புரொட்டஸ்தாந்துக்காரன் குர்ஆனை எப்படித் தவறாக வாசிக்கத் தொடங்கினான், அந்தத் தவறு எந்த இடத்தில் அவனுக்கே தெரியவந்தது என்பதைச் சொல்லலாம் என்றுதான் எழுதுகிறேன்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஆளாளுக்குக் கையில் போன். கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் ஆலயம், கொழும்பு ஹோட்டல்கள் என்று செய்தி வந்துகொண்டிருந்தது. பிறகு மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் என்றார்கள். அந்தப் பெயர்தான் எங்களை உலுக்கியது. மற்ற இரண்டும் கத்தோலிக்க ஆலயங்கள். சீயோன் எங்களைப் போன்றவர்களுடையது. ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் அங்கே இறந்திருந்தார்கள். நாடு முழுவதும் அன்று பலியானவர்கள் 250 பேருக்கும் மேல். (கத்தோலிக்கர் செத்தால் ஒரு துக்கம், நம்மவர் செத்தால் வேறொரு துக்கமா என்று பிறகு என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் வெட்கமாக இருந்தது.)

ஹட்டன் பஜாரில் ஒரு நானாவின் பலசரக்குக் கடை இருக்கிறது. எங்கள் அப்பா காலத்திலிருந்து கொப்பியில் எழுதிச் சாமான் வாங்கிய கடை. குண்டு வெடித்த பிறகு ஐந்து வாரம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. போகாதே என்று யாரும் தடுக்கவில்லை, கால்தான் போகவில்லை. அந்த நாட்களில் வட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றியது. கறுப்புப் பின்னணியில், இணைவைப்பவர்களைக் கொல்லச் சொல்கிற வசனம். கீழே ‘குர்ஆன் 9:5’ என்ற இலக்கம். படிப்பித்த மனுஷன், மூலத்தைப் பார்க்காமல் அதை நாலு பேருக்கு அனுப்பினேன்.

மே மாதம் மினுவாங்கொடையிலும் குருணாகல் பக்கமும் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, ஒருவர் கொல்லப்பட்டார். கண்டி மாவட்டத்து ஹசலக்கையில், கப்பல் சுக்கான் படம் போட்ட ஆடை அணிந்த பெண்ணொருவரை, அது தர்மச்சக்கரம் என்று சொல்லிக் கைது செய்தார்கள். இந்தச் செய்திகளைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்கு வேறு ஞாபகம் வந்தது. 1990களில் கொழும்பில் கடையொன்றில் வேலை பார்த்த என் தம்பி, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பதினொரு மாதம் உள்ளே இருந்தவன். தமிழ்ப் பெயர், தோட்ட விலாசம், அரைகுறைச் சிங்களம், அவ்வளவுதான் குற்றம். புலிகளை அவன் பேப்பரில்தான் பார்த்திருந்தான். அவனைப் பார்க்கப் போகவும் லோயருக்குக் கொடுக்கவும் இருந்த காசெல்லாம் போனபோது, கடையில் எங்கள் கொப்பியை மூடவில்லை.

“அன்னைக்கு நம்மளப் பாத்து அந்த மனுசன் பயந்தாராய்யா?” என்றார் அம்மா. 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்த அதே சட்டத்தின் கீழ்தான் 2019இல் முஸ்லிம்கள் நூற்றுக்கணக்கில் பிடிபட்டார்கள்.

மறுநாள் கடைக்குப் போனேன்.

“வாங்க மாஸ்டர், காணவே இல்லயே, சொகமா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “பயம், நானா” என்றேன்.

“எங்களுக்கும் பயந்தான் மாஸ்டர். ராவைக்கு ஷட்டரப் போட்டுட்டு நானும் மகனும் கடைக்குள்ளயே படுக்கிறம்.”

போனில் இருந்த படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். “எனக்கு தப்ஸீரெல்லாம் தெரியா மாஸ்டர். நம்ம மௌலவிட்ட கூட்டிப் போறன், அவர்ட்டயே கேளுங்க.”

மௌலவி என்னைவிட இருபது வயது இளையவர். வாதம் எதுவும் செய்யவில்லை. தமிழ் மொழிபெயர்ப்பை என் கையில் கொடுத்து, “நாலாவது வசனத்தயும் ஆறாவது வசனத்தயும் சத்தமா வாசிங்க மாஸ்டர்” என்றார். நாலாவது வசனம், உடன்படிக்கை செய்து அதை முறிக்காமல் இருப்பவர்களுக்கு அதன் தவணை முடியும்வரை வாக்கை நிறைவேற்றச் சொல்கிறது. ஆறாவது, இணைவைப்பவர்களில் ஒருவர் அபயம் கேட்டால் கொடுத்து, இறைவசனத்தைக் கேட்கச் செய்து, அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்கிறது. என் போனில் இருந்த படத்தில் இந்த இரண்டும் இல்லை.

ஹிஜ்ரி 9ஆம் ஆண்டில், உடன்படிக்கை செய்துவிட்டு முறித்த அரபுக் கோத்திரங்களைக் குறித்து இறங்கியது என்பது அதன் பின்னணி. மௌலவி எதையும் மறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பொறுமையையும் மன்னிப்பையும் போதித்த முந்தைய வசனங்களை இந்த வசனம் மாற்றிவிட்டது என்று கருதிய பழைய முபஸ்ஸிர்களும் இருந்திருக்கிறார்கள், அதை மறுத்தவர்களும் இருந்திருக்கிறார்கள். “நஸ்க்” என்ற அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். ஒரு வசனத்தை வாசிக்க இத்தனை படிகள் ஏற வேண்டுமா என்று எனக்குச் சலிப்புக்கூட வந்தது.

அந்தச் சலிப்புக்குக் காரணம் என் வளர்ப்பு. வேதமே போதும், இடையில் யாரும் வேண்டாம், எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் தானே வாசித்துப் புரிந்துகொள்ளலாம் என்பது புரொட்டஸ்தாந்தரின் பெருமை. தோட்டத்து லயங்களில் பலர் எழுத்தறிந்ததே அந்தப் பெருமையினால்தான். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே கண்ணோடு குர்ஆனைத் திறந்தபோது, எனக்கு வேண்டிய ஒரு வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஸஹ்ரான் ஹாஷிமும் அதைத்தானே செய்தான்? அவன் அதை எடுத்தது கொல்வதற்கு, நான் எடுத்தது பயப்படுவதற்கு. இரண்டு பேரும் நாலாவது வசனத்தையும் ஆறாவது வசனத்தையும் விட்டுவிட்டோம். என் வேதாகமத்தில் முதலாம் சாமுவேல் 15ஆம் அதிகாரம் இருக்கிறது. அமலேக்கியரின் குழந்தைகளையும் விடாமல் கொல்லச் சவுலுக்குக் கட்டளை வருகிறது. அதை மட்டும் வெட்டி யாராவது வட்ஸ்அப்பில் போட்டு, இதுதான் கிறிஸ்தவம் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

பிறகு வியாழக்கிழமைகளில் அஸர் தொழுகை முடிந்ததும் போகத் தொடங்கினேன். மக்காவில் 13 ஆண்டுகள் போருக்கு அனுமதியே இல்லை. அனுமதி தந்த முதல் வசனங்களாகப் பலர் கருதுபவை 22ஆம் அத்தியாயத்தின் 39, 40. அநீதி இழைக்கப்பட்டு வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்களுக்கு அந்த அனுமதி. மனிதரில் சிலரைக் கொண்டு சிலரை இறைவன் தடுக்காவிட்டால் இடிபட்டுப் போகும் இடங்களின் பட்டியலில், பள்ளிவாசலுக்கு முன்னதாகவே மடங்களும் கிறிஸ்தவ ஆலயங்களும் யூத ஆலயங்களும் வருகின்றன. சீயோனை நினைத்துக்கொண்டு அந்த வரியில் வெகுநேரம் நின்றேன். போரில் பெண்களையும் பிள்ளைகளையும் கொல்வதை நபிகள் நாயகம் தடுத்த ஹதீஸ், சிரியாவுக்குப் போன படைக்கு அபூபக்கர் (ரழி) முதியவர்களையும் கனிமரங்களையும் தொடாதீர்கள், துறவிகளை அவர்கள் பாட்டில் விடுங்கள் என்று சொன்னதாக இமாம் மாலிக்கின் முவத்தாவில் உள்ள செய்தி, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. எனக்குப் புதிதாக இருந்தது, போரைத் தொடங்கும் அதிகாரம் ஆட்சியாளருக்கே உரியது, நாலு பேர் கூடி அறிவிப்பதல்ல என்ற சட்ட அறிஞர்களின் பெரும்பான்மைக் கருத்து. ஒரு நாட்டில் பாதுகாப்புப் பெற்று வாழ்பவர் அந்நாட்டாருக்குத் துரோகம் செய்யக் கூடாது என்ற ‘அமான்’ சட்டமும் அப்படித்தான்.

எல்லாவற்றையும்விட என்னைப் பிடித்து நிறுத்தியது கவாரிஜ்களின் வரலாறு. 657இல் ஸிஃப்பீன் போருக்குப் பிறகு, தீர்ப்பு இறைவனுக்கே உரியது என்ற முழக்கத்தோடு அலீ (ரழி) அவர்களை விட்டுப் பிரிந்தவர்கள். சொல் சரியானது, நோக்கம்தான் தவறு என்று அலீ அதற்குப் பதில் சொன்னாராம். விழுந்து கிடந்த பேரீச்சம்பழத்தை விலை கொடுக்காமல் தின்னத் தயங்கியவர்கள், நபித்தோழர் ஒருவரின் மகனையும் கர்ப்பிணியான அவர் மனைவியையும் கொன்றார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். 661இல் அலீயையும் கொன்றார்கள். தம்மோடு உடன்படாத முஸ்லிமைக் காஃபிர் என்று தீர்ப்பிடும் ‘தக்ஃபீர்’ அங்கேதான் ஆயுதமாகிறது.

இதைப் படித்த பிறகுதான் காத்தான்குடிச் செய்திகள் எனக்கு விளங்கின. ஸஹ்ரானின் கூட்டம் முதலில் மோதியது கிறிஸ்தவர்களோடு அல்ல. 2017 மார்ச்சில் அலியார் சந்தியில் ஸூஃபி வழியினரான முஸ்லிம்களோடு மோதியது. அவனைப் பற்றிப் பொலிஸில் முறையிட்டவர்களும் அவ்வூர் முஸ்லிம்கள்தான். எச்சரிக்கைகள் இருந்தும் அதிகாரத்தில் இருந்தவர்கள் கடமை தவறினார்கள் என்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. குண்டுதாரிகளின் உடல்களைப் பொறுப்பேற்கப் போவதில்லை என்று ஜம்இய்யத்துல் உலமா அறிவித்ததையும் அப்போதுதான் கவனித்தேன். அந்த ஏப்ரலில் என் காதில் அது விழவில்லை.

இங்கே ஒரு கருத்து வேறுபாடு உண்டு, உங்கள் சஞ்சிகையிலேயே சொல்லிவிடுகிறேன். “அதுக்கும் இஸ்லாத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல” என்று பலர் என்னிடம் சொன்னார்கள். அது பயந்தவனின் வாயை அடைக்கும், அவன் பயத்தைப் போக்காது. ஸஹ்ரான் வசனம் காட்டித்தான் பிரசங்கித்தான். கவாரிஜ்களை உங்கள் அறிஞர்கள் சம்பந்தமில்லை என்று கைகழுவிவிட்டுப் போகவில்லை. வசனத்துக்கு வசனம் உட்கார்ந்து பதில் எழுதினார்கள். அந்தப் பதில்களை எங்களைப் போன்றவர்களுக்கும் புரிகிற தமிழில் பஜாருக்குக் கொண்டு வந்தால், வட்ஸ்அப் படம் இவ்வளவு லேசாகச் சுற்றாது. மௌலவி இதை முழுதாக ஏற்கவில்லை. நாங்கள் செய்யாத குற்றத்துக்கு எத்தனை தரம்தான் விளக்கம் கொடுப்பது மாஸ்டர் என்று கேட்டார். என் தம்பியிடமும் அந்த நாட்களில் அப்படித்தான் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

பதிலுக்கு நானும் அவருக்கு ஒரு கதை சொன்னேன். 1529இல் துருக்கியப் படை வியன்னாவை முற்றுகையிட்டது. ஐரோப்பா நடுங்கிய அந்த ஆண்டில்தான் மார்ட்டின் லூத்தர் துருக்கியரோடு போர் செய்வதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். போர் என்றால் அது பேரரசரின் வேலை, கிறிஸ்துவின் பெயரால் நடத்தக் கூடாது என்றார். 1542இல் பாசெல் நகரில் குர்ஆனின் லத்தீன் மொழிபெயர்ப்பு அச்சானபோது நகரசபை பிரதிகளைப் பறித்து அச்சகத்தாரைச் சிறையில் போட்டது. லூத்தர் சபைக்குக் கடிதம் எழுதி அந்தப் புத்தகத்துக்காக வாதாடினார். 1543இல் அவருடைய முன்னுரையோடு அது வெளிவந்தது.

“வாசிச்சிட்டு என்ன சொன்னாரு?” என்றார் மௌலவி.

“நல்லா திட்டினாரு.”

சிரித்துவிட்டார். “பரவால்ல, புத்தகத்த வெளிய விட்டாரே.”

ஸூரா மர்யமை முடித்துவிட்டோம். சிலுவை விடயத்தில், 4:157இல், இரண்டு பேரும் முட்டிக்கொண்டு நிற்கிறோம், அது தீரப்போவதில்லை. அன்று படத்தை அனுப்பிய அதே நாலு பேருக்கும் 9:4, 9:6 இரண்டையும் தட்டச்சு செய்து அனுப்பினேன். இரண்டு பேர் பதில் போடவில்லை. ஒருவர், நீ மதம் மாறிட்டியா என்று கேட்டார். நாலாமவர், என்னோடு ஒரே பாடசாலையில் படிப்பித்தவர், அந்த மொழிபெயர்ப்பு எங்கே கிடைக்கும் என்று கேட்டு எழுதினார். நானாவின் கடை விலாசத்தைக் கொடுத்திருக்கிறேன்.