உள்ளே போட்ட தையல்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ரெடிமேட் ரவிக்கை எடுக்கும் பெண்மணிகள், மேற்பகட்டைக் கண்டு மயங்காமல், உட்புறத்தைத் திருப்பித் தையலை இரு விரலால் இழுத்துப் பார்த்த பின்னரே விலை பேசுவார்கள். நுரையீரல் மாற்றுச் சிகிச்சை செய்த வைத்தியருக்கும் இந்தச் சந்தேக புத்தி அவசியமாகிறது.

மார்பின் மேலுள்ள காயம் ஆறி, உற்றார் உறவினர் நிம்மதியடைந்த பின்னும், புதிய நுரையீரலின் மூச்சுக்குழாயும் நோயாளியின் சொந்தக் குழாயும் சேர்த்துத் தைக்கப்பட்ட விளிம்பு கூடிற்றா என்ற சஞ்சலம் அவரை விடுவதில்லை. ஏனெனில், பெரிய இரத்தநாளங்களை இணைக்கும் வைத்தியர்கள், குழாயின் சுவரைப் போஷிக்கும் சிறு நாடிகளைப் பெரும்பாலும் இணைப்பதில்லை. ஆகவே சில வாரங்கள் அவ்விளிம்பு, நுரையீரல் நாளங்களிலிருந்து சுற்றுவழியாக வந்து சேரும் இரவல் இரத்தத்திலேயே ஜீவிக்க வேண்டியிருக்கிறது. 1963-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹார்டி முதல் முயற்சி செய்தது தொடங்கி, 1983-ல் டொராண்டோவில் ஜோயல் கூப்பர் நீடித்த வெற்றி காணும்வரை, சுமார் 40 முயற்சிகள் வீணானதற்கு அந்தத் தையல் விட்டுப்போனது ஒரு பிரதான காரணம். வயிற்றிலுள்ள கொழுப்புத் திரையை மேலே இழுத்து, தையலைச் சுற்றிப் போர்த்தியது கூப்பரின் யுக்தி.

தையல் ஆறியதை அறிய இன்றும் நேரில் பார்ப்பதே உத்தமம். வளையும் மெல்லிய குழாயின் நுனியிலுள்ள காமிராவை மூச்சுக்குழாய்க்குள் செலுத்தும் பிராங்கோஸ்கோப்பியில், விளிம்பு இளஞ்சிவப்பாக மினுமினுத்தால் க்ஷேமம். கறுத்துத் திட்டுப் படிந்திருந்தால் திசு மடிகிறது என்று பொருள். தையலிடையே இடைவெளி தெரிந்தால் ஆபத்து. சில வாரங்களோ மாதங்களோ கழித்துத் தழும்பு இறுகி வழி குறுகுவதும், சுவர் தளர்ந்து மூச்சு விடும்போது மடிந்துவிடுவதும் உண்டு. குறுகலைப் பலூனால் விரிக்கலாம். ஸ்டென்ட் வைத்தும் தாங்கலாம்.

2020 ஆகஸ்டில் கொரோனாவால் சிதைந்த இரு நுரையீரல்களையும் மாற்றிச் சாதனை புரிந்தது நம் சென்னைதான். எனினும் இந்தத் தையல் கவலை மாற்று நுரையீரல் பெற்றவர்களின் விஷயம் மட்டுமன்று. புற்றுநோய்க்காகவோ காசத்துக்காகவோ ஒரு பாகத்தை வெட்டி எடுத்தவருக்கும், அடைத்துத் தைத்த குழாய்முனை ஆற வேண்டும்.

நம் பேட்டைவாசிகளிடம் ஒரு பழக்கமுண்டு. எந்த இருமலையும் எண்ணூர்ப் புகையின் மேலும் துறைமுகத் தூசியின் மேலும் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுவார்கள். நுரையீரலில் கத்தி பட்டவர் அப்படி இருக்கலாகாது. மூச்சில் விசில் போன்ற ஓசை எழுந்தாலும், சளியில் இரத்தம் தெரிந்தாலும், காய்ச்சல் கண்டாலும், அடுத்த தவணைக்குக் காத்திராமல், அறுவை செய்த ஆஸ்பத்திரிக்கு அன்றே போய்விடுங்கள்.